பச்சை வயர்

முரசுமோட்டை ஆலையில்
மூன்று நாளாய் நல்லரிசி குப்பைக்குப் போகிறது.

நிறம் பிரிக்கிற மெசினுக்குக் கண்ணிருக்கிறது.
விழுகிற ஒவ்வொரு மணியையும் பார்க்கும்,
கறுத்தது வந்தால் காற்றால் தட்டிவிடும்.
எறும்பு தும்முகிற அளவு காற்று.
இப்போது வெள்ளையையும் தட்டுகிறது,
ஒரு கைப்பிடி,
பிறகு அரை மணித்தியாலம் யோக்கியமாய் இருக்கிறது.

"கண் போட்டுது தம்பி.
கொழும்பு ஆக்கள் புதுசு போடச் சொல்லினம்.
ஆறு லட்சமாம்."
யோகநாயகி அக்கா குப்பைச் சாக்கில் அள்ளிக்
கையை விரித்தார்.
ஒன்றுகூடக் கறுப்பில்லை.

கண்ணைக் கழற்றித் துடைத்துப் பார்த்தேன்.
கண்ணில் குறையில்லை.
கண்ணுக்கும் மூளைக்கும் நடுவே
பதினொரு மீற்றர் வயர்.
அதே குழாய்க்குள் உமி இழுக்கும் மோட்டரின் கேபிள்,
ஒரே பாயில் இரண்டு பேரைப் படுக்கவிட்டதுபோல்.
தடித்தவன் புரண்டால்
மெலிந்தவன் உளறுகிறான்.

பிரித்துப் போட்டேன். குறைந்தது. நிற்கவில்லை.

சாக்கைக் கவிழ்த்து அதில் குந்தியிருந்து
நேரம் எழுதினேன்:
பத்து பன்னிரண்டு.
பத்து நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பத்தொன்று.
அப்போதுதான் கண்டேன், கூரைத்தகர ஓட்டையால்
ஒரு நீல வெளிச்சம்
நெல்மூட்டையில் பட்டுப்பட்டு அணைவதை.
பக்கத்து வளவில் அலோசியஸ்
கேற் ஒட்டிக்கொண்டிருந்தான்.

போன் எடுத்தேன். "ஒருக்கா வை."
வைத்தான். இங்கே அரிசி பறந்தது.
"இன்னொருக்கா."
பறந்தது.
"நான் இங்க கேற் ஒட்ட
அங்க சோறு கொட்டுதோ?" என்றான்,
பெருமையா பயமா தெரியவில்லை.

பின்னேரம் வயல்மோட்டர்கள் எல்லாம் ஒன்றாய் எழும்ப
லைனில் நூற்றெழுபத்தைந்து வோல்ட்.
பெட்டிக்குள் ரிலேகள்
காய்ச்சல்காரனின் பல்லாய்க் கிடுகிடுத்தன.
போன கிழமை ட்ரான்ஸ்போமரில் மயில் ஒன்று பொசுங்கிய பிறகு
இப்படித்தானாம்.
மயிலிலும் பழி போடலாம், அது மறுத்துப் பேசாது.

கடைசியாய்ப் பச்சை வயரைப் பிடித்தேன்.
பெட்டியிலிருந்து சுவர், சுவரிலிருந்து வெளியே,
மண்ணுக்குள்.
இழுத்தேன்.
கையோடு வந்தது.

ஒரு சாண்.
நுனி களிம்பேறி, குறட்டால் நறுக்கிய தட்டை.
செம்புக் கம்பியை யாரோ எப்போதோ
கிலோ கணக்கில் விற்றுச் சாப்பிட்டிருக்கிறார்கள்.
"நாங்கள் திரும்பி வரேக்க
கூரையே இல்லை," என்றார் அக்கா.
"வயரை ஆர் பார்த்தது?"
அதற்குமேல்தான் இத்தனை மெசினையும் பூட்டியிருக்கிறார்கள்.
பதினொரு வருடமாய் எல்லாம்
நிலத்தில் நிற்பதாய் நினைத்துக்கொண்டு.

புதுக் கம்பி எட்டடி.
கிடங்கு வெட்ட வந்த கெங்காதரன்
அலவாங்கைச் சுவரில் சாத்திவிட்டுக் கேட்டான்:
"இது கிளியர் பண்ணின இடமோ?"

அக்கா உள்ளே போய்
பொலித்தீன் உறையில் ஒரு கடுதாசி கொண்டுவந்தார்.
முத்திரை இருந்தது, வரைபடம் இருந்தது,
எவ்வளவு ஆழம் வரைக்கும் என்றும் இருந்தது:
இருபது சென்ரிமீற்றர்.

மூவரும் அந்த வரியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

முதல் முழத்தை அவன்
குழம்பு கிண்டுகிற பதத்தில் கிண்டினான்.
அதில் வந்தவை: கரியான உமி,
ஒரு கதவுப் பிணைச்சல், சோடா மூடி,
ஒரு பெரிய கல். கல்லுக்குத்தான்
கனநேரம் எடுத்தது.
பிறகு மண் ஈரமாகி நிறம் மாற
அலவாங்கு தன் பழைய சத்தத்துக்கு வந்தது.
மூன்றடியில் கம்பியை நிறுத்திச் சுத்தியலால் இறக்கினோம்.
கரி, உப்பு, இரண்டு வாளி தண்ணீர்.
மீற்றர் நாலு ஓம் காட்டியது.

"அலோசியஸ், வை."
வைத்தான். கூரையோட்டை நீலமாயிற்று.
இரண்டு மணி பறந்தன.
குனிந்து பொறுக்கினேன். இரண்டும் கறுப்பு.

அக்கா தேத்தண்ணி ஊற்றப் போனார்.

போன பிறகு இன்னொன்று பறந்தது.
வெல்டிங் இல்லை, மோட்டர் புரளவில்லை,
மயில் எதுவும் இல்லை.
வெள்ளை மணி.
ஏனென்று எனக்குத் தெரியாது.
அதை வாயில் போட்டுக்கொண்டு
பில் எழுதினேன்.